என்ரிலே போய்ட்டார்: அஞ்சலி போடலாமா, கூடாதா?

கப்பல்காரன் (நவம்பர் 14, இரவு 9:10)

நேத்து மெஸ்ல சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது எங்க கப்பல் போசன் (டெக் ஆளுங்களுக்கு மேஸ்திரி) ஃபோனைத் தூக்கிக் காட்டி, "என்ரிலே செத்துட்டாராம்"னு சொன்னார். மேஜையில இருந்த பிலிப்பைன்ஸ்காரங்க அத்தனை பேரும் சிரிச்சாங்க. ஒருத்தரும் நம்பலை. அந்த ஊர்ல இவர் சாகாவரம் வாங்கி வந்தவர்னு ரொம்ப வருஷமா ஒரு நக்கல் ஓடுது. டைனோசர் பக்கத்துல இவர் நிக்கிற மாதிரி மீம்ஸ் எல்லாம் உண்டு. செய்தியைத் திறந்து காட்டின பிறகுதான் சத்தம் அடங்குச்சு. குக் மட்டும் சிலுவை போட்டுக்கிட்டார்.

தெரியாதவங்களுக்கு: ஹுவான் போன்ஸே என்ரிலே, பிலிப்பைன்ஸ் அரசியல்வாதி. 1924 பிப்ரவரி 14ல வடகோடி ககயான் மாகாணத்துல கொன்சாகாங்கிற ஊர்ல பிறந்தார். அம்மா ஏழை. அப்பா மணிலாவுல பேர் போன வக்கீல், ஆனா அம்மாவைக் கல்யாணம் பண்ணிக்கலை. பையன் ஹுவானிட்டோ ஃபுராகனன்ங்கிற பேர்லதான் வளர்ந்தான். உலகப்போர் முடிஞ்ச பிறகு மணிலா போய் அப்பாவைத் தேடிக் கண்டுபிடிச்சு, அவர் பேரை வாங்கி, பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்துல சட்டம் படிச்சு, 1955ல ஹார்வர்டுல மேல்படிப்பும் முடிச்சு, அப்பாவோட ஆபீஸ்லயே வக்கீலா உட்கார்ந்தார். அப்புறம் அதிபர் மார்கோஸ் கூட்டிக்கிட்டார். சுங்கத்துறை, நீதித்துறை, பாதுகாப்புத்துறைனு ஏறி, பின்னால செனட் தலைவரும் ஆனார். சாகும்போது வயசு 101, பதவி மார்கோஸோட மகன், அதிபர் ஜூனியர் மார்கோஸுக்குத் தலைமைச் சட்ட ஆலோசகர்!

ஒரு ஏழை அம்மாவோட பையன் இவ்வளவு தூரம் வந்ததுக்காவது ஒரு கும்பிடு போடலாம்னு எனக்குத் தோணுது. நீங்க என்ன சொல்றீங்க?

டாவோ டாக்டர் (நவம்பர் 14, இரவு 10:02)

கும்பிடு போட எனக்கு மனசு வரவில்லை அண்ணே. ஐந்தரை வருடம் டாவோவில் எம்பிபிஎஸ் படித்தேன். என் வீட்டுக்கார அம்மாவின் தம்பி மார்கோஸ் காலத்தில் சிறையில் இருந்தவர். அவர் கதையை இங்கே எழுதப்போவதில்லை. பொதுவில் இருப்பதை மட்டும் எழுதுகிறேன்.

1972 செப்டம்பர் 22 இரவு. மணிலாவின் வாக் வாக் பகுதியில் என்ரிலேயின் காரைச் சுட்டுத் துளைத்தார்கள். அவர் அந்தக் காரில் இல்லை. பாதுகாப்புக்குப் பின்னால் வந்த வேறு காரில் இருந்தார். மறுநாள் மார்கோஸ் தொலைக்காட்சியில் தோன்றி இராணுவச் சட்டத்தை அறிவித்தார். ஆனால் பிரகடனம் 1081ல் போட்டிருந்த தேதி செப்டம்பர் 21, அதாவது துப்பாக்கிச் சூட்டுக்கு முந்தைய நாள்.

அடுத்து பொது ஆணை எண் 2. "இந்தப் பட்டியலில் இருப்பவர்களைக் கைது செய்து உன் காவலில் வை" என்று பாதுகாப்புச் செயலாளரை விளித்தே எழுதப்பட்ட ஆணை அது. அந்தச் செயலாளர் இவர்தான். பட்டியலில் இருந்தவர்களில் ஒருவர் செனட்டர் ஹோஸே டியோக்னோ. அவரும் வக்கீல்தான். கிட்டத்தட்ட இரண்டு வருடம் உள்ளே வைத்திருந்தார்கள். கடைசிவரை ஒரு குற்றச்சாட்டும் பதியவில்லை. வெளியே வந்தவுடன் அவர் செய்த முதல் காரியம், கைதிகளுக்கு இலவசமாக வாதாட ஒரு வக்கீல் அமைப்பைத் தொடங்கியது. அவருக்குப் போடுங்கள் கும்பிடு.

கோர்ட் கேன்டீன் (நவம்பர் 15, காலை 6:48)

டாக்டரம்மா, டியோக்னோவுக்கு நானும் கும்பிடு போடுகிறேன். அதில் தகராறே இல்லை. ஆனால் ஒரு மனிதனின் அறுபது வருடப் பொதுவாழ்வை 1972ல் நிறுத்திவிட முடியுமா?

1986 பிப்ரவரி 22. தேர்தலில் மார்கோஸ் தில்லுமுல்லு செய்துவிட்டார் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு கேம்ப் அகினால்டோ இராணுவ முகாமுக்குள் புகுந்து "இனி மார்கோஸ் என் தலைவர் இல்லை" என்று சொன்னவர் என்ரிலே. இராணுவத் துணைத் தளபதி ஃபிடல் ராமோஸும் கூட வந்து நின்றார். மணிலாவின் கத்தோலிக்கப் பேராயர் கார்டினல் சின் வானொலியில் ஜனங்களைக் கூப்பிட்டார், எட்சா சாலை நிரம்பியது, நான்காம் நாள் மார்கோஸ் ஹெலிகாப்டர் ஏறினார். என்ரிலே அன்றைக்கு வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தால் எட்சா மக்கள் புரட்சி நடந்திருக்குமா?

1991ல் அமெரிக்கத் தளங்களை நீட்டிக்கும் ஒப்பந்தம் செனட்டுக்கு வந்தபோது 12க்கு 11 என்று தோற்றது. அந்த 12ல் ஒரு ஓட்டு இவருடையது. 2012ல் தலைமை நீதிபதி ரெனாட்டோ கொரோனா மீதான பதவிநீக்க விசாரணைக்கு இவர்தான் தலைமை தாங்கினார். வயது 88. சாட்சி விதிகளை விரல் நுனியில் வைத்துக்கொண்டு இரண்டு பக்க வக்கீல்களையும் உட்கார வைத்தார். முடிவு 20க்கு 3. நான் சில நாள் விசாரணையை யூடியூபில் பார்த்திருக்கிறேன். தொழில்காரன் கண்ணுக்கு அது ஒரு விருந்து.

சும்மா பார்க்கிறேன் (நவம்பர் 15, காலை 7:15)

கப்பல் முங்கும்போது முதல்ல குதிக்கிறவனுக்கு நீச்சல் வீரர் பட்டமா வக்கீல் சார் 😄

டாவோ டாக்டர் (நவம்பர் 15, காலை 8:30)

சும்மா பார்ப்பவர் சரியாகத்தான் பார்க்கிறார்.

1986 பிப்ரவரியில் அதே முகாமில் வைத்து என்ரிலே இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, ககயானில் மார்கோஸுக்காக சுமார் 3,50,000 ஓட்டுகளைத் திருகினோம் என்பது. இன்னொன்று, 1972 துப்பாக்கிச் சூடு நாடகம் என்பது. 2012ல் வந்த தன்வரலாற்றில் இரண்டாவதை மாற்றிவிட்டார். நாடகமே இல்லை, நிஜத் தாக்குதல் என்று எழுதினார். ஒரே சாட்சி, ஒரே சம்பவம், இரண்டு வாக்குமூலம். உங்கள் கோர்ட்டில் இப்படி ஒருவர் கூண்டில் ஏறினால் குறுக்கு விசாரணையில் என்ன செய்வீர்கள் சார்?

எட்சாவும் அவர் கணக்கில் போட்டதல்ல. இளம் அதிகாரிகளோடு சேர்ந்து மார்கோஸைக் கவிழ்க்கத் திட்டம் போட்டிருந்தார்கள். அது கசிந்துவிட்டது. கைதாகப் போகிறோம் என்று தெரிந்த பிறகுதான் முகாமுக்குள் ஓடினார்கள். அவர்களைக் காப்பாற்றியது டாங்கிக்கு முன்னால் ஜெபமாலையோடு முட்டிபோட்ட ஜனங்கள். அதன்பின் அதிபரான கொராஸோன் அக்கினோ இவரை பாதுகாப்பு அமைச்சராகவே வைத்துக்கொண்டார். அதே நவம்பரில் அவரையே கவிழ்க்கப் பார்க்கிறார்கள் என்ற புகாரில் பதவி போயிற்று. ஒன்பது மாதம்கூட ஆகவில்லை.

கோர்ட் கேன்டீன் (நவம்பர் 15, மதியம் 1:20)

முரண்பட்ட சாட்சிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரசியல்வாதி சொன்னதை மாற்றிச் சொன்னான் என்பதற்காக நம் ஊரில் யாரையாவது தள்ளி வைத்திருக்கிறோமா?

நான் அவரை மதிப்பது வேறு காரணத்துக்கு. 1989 டிசம்பரில் அக்கினோ அரசைக் கவிழ்க்க ஒரு பெரிய இராணுவப் புரட்சி நடந்தது. 1990 பிப்ரவரி 27ல் என்ரிலேயைக் கைது செய்தார்கள். அப்போது அவர் செனட்டர். குற்றச்சாட்டு சாதாரணக் கலகம் இல்லை, "கொலையோடு கூடிய கலகம்". கலகம் மட்டும் என்றால் ஜாமீன் உண்டு. கொலையையும் சேர்த்து ஒரே கூட்டுக் குற்றமாக்கினால் ஜாமீன் கிடையாது. அதுதான் சூட்சுமம்.

அங்கே 1956லேயே ஹெர்னாண்டஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருந்தது: கலகத்துக்காக நடந்த கொலையும் தீவைப்பும் கலகத்துக்குள்ளேயே கரைந்துவிடும், தனியாகச் சேர்த்துத் தண்டனையை உயர்த்தக் கூடாது. 1990 ஜூனில் என்ரிலே எதிர் சலாசார் வழக்கில் அதே கோட்பாடு நிற்கும் என்று தீர்ப்பு வந்தது. இவருக்கும் ஜாமீன்.

இதில் ஒரு வேடிக்கை. ஹெர்னாண்டஸ் தீர்ப்பை ஒழித்துக்கட்ட மார்கோஸ் 1976லேயே அரசாணை 942 என்று ஒன்று போட்டார். அது நடப்பில் இருந்திருந்தால் என்ரிலே கதி அதோகதிதான். அதை 1987ல் ரத்து செய்தவர் யார் தெரியுமா? கொராஸோன் அக்கினோ! யாரைக் கவிழ்க்கப் பார்த்தார் என்று இவர் மேல் வழக்கோ, அவர் திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் வெளியே வந்தார். 1990 அக்டோபரில் நாடாளுமன்றம் கலகத்துக்கான தண்டனையை ஆயுள் அளவுக்கு ஏற்றியது, இராணுவப் புரட்சியைத் தனிக் குற்றமாகவும் ஆக்கியது. ஆனால் கோட்பாடு நின்றது. இன்றைக்கு அங்கே கலக வழக்கில் சிக்கும் எந்த இடதுசாரி இளைஞனும் "என்ரிலே எதிர் சலாசார்" என்றுதான் மேற்கோள் காட்டியாக வேண்டும். ஆள் யாராக இருந்தால் என்ன, சட்டம் எல்லாருக்கும் கிடைத்ததா இல்லையா?

டாவோ டாக்டர் (நவம்பர் 15, மதியம் 1:52)

1976ல் அரசாணை 942 வந்தபோது பாதுகாப்புத் துறை யார் கையில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சும்மா பார்க்கிறேன் (நவம்பர் 15, மதியம் 1:55)

அவுட்டு.

தென்னந்தோப்பு (நவம்பர் 15, மாலை 5:05)

வணக்கமுங்க. சட்டமெல்லாம் நமக்கு எட்டாது. பொள்ளாச்சிப் பக்கம், தேங்காய்தான் பொழப்பு. பிலிப்பைன்ஸ் தேங்காய் எண்ணெய் வெலையப் பாத்துத்தான் நம்ம வெலையும் ஆடுமுங்க, அதனால அந்த ஊரு தென்னைச் சேதி கொஞ்சம் தெரியும். அங்கயும் "கோப்ரா"ன்னுதான் சொல்றாங்க, நம்ம கொப்பரைதானுங்க அது.

மார்கோஸ் காலத்துல வெவசாயி விக்கிற கொப்பரைக்கு எடைக்கு இவ்வளவுன்னு வரி புடிச்சாங்க. உங்க நன்மைக்கே, உங்களுக்கே பாங்கு, ஆலை எல்லாம்னு சொன்னாங்க. 1975ல அந்தக் காசுல ஒரு பாங்கு வாங்குனாங்க. பாங்குக்குத் தலைவரு இந்த என்ரிலே. கூட இருந்தவரு மார்கோஸோட கூட்டாளி டாண்டிங் கொஹுவாங்கோ. வரி கட்டுன ரசீத வெச்சுப் பதிஞ்சாத்தான் பங்குன்னாங்க. காட்டுல கெடக்கறவன் ரசீத எத்தன நாள் பத்தரமா வெப்பானுங்க? அந்தக் காசுல வாங்குன சான் மிகுவல் பீர் கம்பெனியோட 24 சதவீதப் பங்கு தென்னை வெவசாயிக்காக அரசாங்கத்துக்குச் சேரணும்னு 2012ல தீர்ப்பு வந்துச்சு. அந்தக் காசுக்கு அறக்கட்டளைச் சட்டம் 2021லதான் வந்துச்சு. வரி கட்டுன ஆளு எத்தன பேரு உசுரோட இருந்திருப்பாங்கன்னு தெரியலீங்க.

கப்பல்காரன் (நவம்பர் 15, இரவு 8:40)

போசன்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். அவர் ககயான்காரர், அந்த வடக்கு மூலைதான். கோபம் வந்துருச்சு. "மணிலாக்காரங்க என்ன வேணா பேசுவாங்க, எங்க ஊருக்குத் துறைமுகம் கொண்டாந்தது யாரு?"ன்னு கேட்டார். உண்மைதான், 1995ல ககயான் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு சட்டம் கொண்டாந்தது என்ரிலே. 1992லேர்ந்து 1995 வரைக்கும் அந்தத் தொகுதி எம்.பி.யா இருந்தார். சாண்டா ஆனாவுல இருக்கிற துறைமுகம் அந்த மண்டலத்துக்குள்ளதான் வருது.

அங்கயே இருந்த இன்னொரு பையன் மெதுவா, "துறைமுகம் பேரைக் கேளுங்க சார்"னான். கேட்டேன். ஐரீன். மார்கோஸோட பொண்ணு பேரு.

போசன் எழுந்து போய்ட்டார். நான் இனிமே மெஸ்ல அரசியல் பேசறதா இல்லை.

கோர்ட் கேன்டீன் (நவம்பர் 15, இரவு 9:33)

கொப்பரை விவகாரத்தில் நான் வாதாடப் போவதில்லை. அதில் பதில் இல்லை.

ஆனால் ஒன்றை எல்லாரும் மறக்கிறீர்கள். நிதி ஒதுக்கீட்டு ஊழலில் 172 மில்லியன் பெசோ கமிஷன் வாங்கினார் என்று 2014ல் வழக்குப் போட்டார்கள். தொண்ணூறு வயதில் தானாகவே போய்ச் சரணடைந்தார். பத்து வருடம் கழித்து, 2024 அக்டோபரில் ஊழல் வழக்குகளுக்கான சாண்டிகன்பயான் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2025 அக்டோபரில் மிச்சமிருந்த 15 வழக்குகளிலும் விடுதலை. நீதிமன்றம் குற்றவாளி இல்லை என்று சொன்ன ஒருவரை செத்த பிறகு நாம் உட்கார்ந்து தண்டிக்கலாமா? அதுவும் ஒரு வக்கீலாக நான்?

டாவோ டாக்டர் (நவம்பர் 15, இரவு 10:41)

ஐயத்துக்கு அப்பால் நிரூபிக்கவில்லை என்றுதான் விடுதலை. அதை மதிக்கிறேன், ஊழல் வழக்கை நான் எடுக்கவே இல்லை. நீங்களே எடுத்ததால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்தக் குற்றத்துக்கு ஜாமீன் கிடையாது. இருந்தும் 2015ல் வயதையும் உடல்நிலையையும் காட்டி உச்ச நீதிமன்றம் 8க்கு 4 என்று ஜாமீன் கொடுத்தது. ஒரு வாரத்துக்குள் செனட்டில் வந்து உட்கார்ந்தார். அதே நோயோடு அதே வயதில் உள்ளே கிடக்கும் ஏழைக்கு இது கிடைக்குமா என்று அந்தத் தீர்ப்பை எதிர்த்து எழுதிய நீதிபதியே கவலைப்பட்டார்.

எனக்கு ஆறாதது வேறு. 2013ல் இராணுவச் சட்டக் காலத்தில் சித்திரவதைப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்க ஒரு சட்டம் வந்தது. மார்கோஸின் சுவிஸ் கணக்கிலிருந்து மீட்ட பத்து பில்லியன் பெசோ. 11,103 பேரை பாதிக்கப்பட்டவர்கள் என்று வாரியம் ஏற்றது. அந்தச் சட்டத்தின் அடியில் செனட் தலைவர் என்று கையெழுத்து யாருடையது? என்ரிலே. ஐந்தே வருடம் கழித்து, 2018ல், ஜூனியர் மார்கோஸோடு உட்கார்ந்து ஒரு வீடியோ பேட்டி. மார்கோஸை விமர்சித்ததற்காகக் கைதான ஒரே ஒருத்தர் பேரைச் சொல்லுங்கள் பார்ப்போம் என்று அதில் கேட்கிறார். எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டார். என் வீட்டுக்கார அம்மா அந்த வீடியோவைப் பார்த்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் அரிசி களைய ஆரம்பித்துவிட்டார்.

சட்டம் எல்லாருக்கும் கிடைத்ததா என்று கேட்டீர்கள். ஒரு வழக்கு சொல்கிறேன், போய்ப் படியுங்கள். இலாகன் எதிர் என்ரிலே, 1985. எங்கள் டாவோ. உள்ளே போனவர்கள் எல்லாரும் உங்கள் ஜாதிதான், வக்கீல்கள்.

சும்மா பார்க்கிறேன் (நவம்பர் 16, காலை 7:02)

வக்கீல் சார் ஆளைக் காணோம். வாய்தா வாங்கிட்டாரா

கோர்ட் கேன்டீன் (நவம்பர் 16, இரவு 11:18)

வாய்தா இல்லை. படித்துக்கொண்டிருந்தேன்.

1985 மே 10ல் டாவோவில் இலாகன் என்ற வக்கீலைக் கைது செய்து கேம்ப் கட்டிட்டிபானில் வைக்கிறார்கள். பாதுகாப்பு அமைச்சகம் தந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு உத்தரவு. அன்றே வக்கீல் சங்கத்திலிருந்து 15 பேர் அவரைப் பார்க்கப் போகிறார்கள். பார்க்கப் போனவர்களில் ஒருவரையும் பிடித்து உள்ளே வைத்தார்கள். அந்த உத்தரவில் கையெழுத்தே இல்லை. மூன்று நாள் கழித்து இன்னொருவர். ஆட்கொணர்வு மனு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

மே 23ல் நீதிமன்றம் மூன்று பேரையும் உடனே விடச் சொன்னது. பணம் வேண்டாம், மனுதாரர்களின் மூத்த வக்கீல்கள் பொறுப்பேற்றால் போதும் என்றது. விடவில்லை. நான்கு நாளில் மூன்று பேர்மீதும் டாவோவில் ஒரு கலக வழக்கைப் பதிந்தார்கள். முதல்கட்ட விசாரணைகூட நடத்தவில்லை. இனி அவர்கள் வாரண்டின் பேரில்தான் இருக்கிறார்கள், ஆகவே ஆட்கொணர்வு மனுவுக்கு வேலையில்லை என்று அக்டோபரில் மனு தள்ளுபடி. எதிர்மனுதாரர் பெயர் தலைப்பிலேயே இருக்கிறது.

அதுவரை சரி, டாக்டரம்மா சொன்னதுதான். என்னை நிறுத்தியது ஒரு பெயர். பொறுப்பேற்க முன்வந்த இரண்டு மூத்த வக்கீல்களில் ஒருவர் ரொபெர்த்தோ கொன்ஸெப்ஸியோன், ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி. இந்தப் பெயரை எங்கேயோ படித்திருக்கிறோமே என்று நேற்று நான் எழுதியதைத் திரும்பப் பார்த்தேன். 1956ல் ஹெர்னாண்டஸ் தீர்ப்பை எழுதிய நீதிபதி அவர்தான்.

1985ல் அவர் வார்த்தையை நம்பி மூன்று வக்கீல்களை விடச் சொன்னபோது என்ரிலேயின் அமைச்சகம் விடவில்லை. 1990ல் என்ரிலே வெளியே வந்தது அவர் எழுதிய தீர்ப்பின் தயவில். அதற்கு மூன்று வருடம் முன்பே கொன்ஸெப்ஸியோன் இறந்துவிட்டார்.

கோட்பாடு சரி என்ற என் நிலையில் மாற்றமில்லை. 2024 தீர்ப்பிலும் மாற்றமில்லை. கப்பல்காரர் கேட்ட கும்பிடு விஷயத்தில் மட்டும் நேற்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

டாவோ டாக்டர் (நவம்பர் 16, இரவு 11:40)

படித்ததற்கு நன்றி சார். அந்தத் தீர்ப்பில் மாறுபட்டு எழுதிய நீதிபதி டீஹாங்கீயின் பகுதியையும் படியுங்கள். கொஞ்சம் நீளம்.

கோர்ட் கேன்டீன் (நவம்பர் 16, இரவு 11:44)

அதைத்தான் திறந்து வைத்திருக்கிறேன் அம்மா. நாளைக்கு காலையில் எனக்கு இரண்டு ஜாமீன் மனு இருக்கிறது, அது வேறு.